மரப்பட்டை வண்டுகளும் மரநோய்களும்: ஆபத்தை முன்கூட்டியே அளக்க முடியுமா?

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரில் பரவியிருக்கும் ஒரு சிறு வண்டை முற்றாக ஒழிப்பது இனிச் சாத்தியமில்லை என்று அந்நாட்டு அதிகாரிகள் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்தார்கள். 2021 ஆகஸ்டில், கிழக்கு ஃப்ரீமான்டில் பகுதியில் நின்ற ஒரு மேப்பிள் மரத்தில் இந்த வண்டு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டி அகற்றப்பட்டன. பெர்த் பெருநகரப் பகுதியிலிருந்து விறகையும் மரக்கழிவுகளையும் வெளியே கொண்டுசெல்லக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அப்படியிருந்தும் வண்டு வென்றுவிட்டது. இனி அதை ஒழிப்பது நோக்கமல்ல, அதனுடன் வாழப் பழகுவதே திட்டம் என்ற நிலைக்கு அரசு வந்துள்ளது.

எள்ளை விடச் சிறிய இந்த வண்டு ஆசியாவைச் சேர்ந்தது. யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸ் என்ற அதன் விஞ்ஞானப் பெயர், 1868ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கிடைத்த ஒரு மாதிரியை வைத்து ஜெர்மானிய ஆய்வாளர் ஐக்ஹாஃப் சூட்டிய பெயரிலிருந்து வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியலுக்குத் தெரிந்திருந்த ஒரு பூச்சியின் ஆபத்தை உலகம் ஏன் உரிய காலத்தில் கணிக்கவில்லை என்ற கேள்வி பெர்த்தோடு நின்றுவிடுவதில்லை. தாவர நலத்துறையில் 'இடர் மதிப்பீடு' என்று அழைக்கப்படும் நடைமுறை எதை நம்பி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அது காட்டுகிறது.

பட்டைக்குள் நடப்பது என்ன?

மரப்பட்டை வண்டுகள் என்ற பிரிவில் ஏறத்தாழ 6,000 இனங்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை பட்டுப்போன அல்லது பட்டுக்கொண்டிருக்கும் மரங்களில் மட்டுமே குடியேறுபவை. மரத்தை மட்கச் செய்து மண்ணுக்குத் திருப்பித் தருவதில் அவற்றுக்கு ஒரு பங்கு உண்டு.

மனிதர்களுக்குக் கவலை தரும் இனங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையே உள்ள சாறு நிறைந்த திசுவைத் தின்று வாழ்கிறது. இரண்டாவது வகை மரத்தைத் தின்பதே இல்லை. அது மரத்துக்குள் சுரங்கம் குடைந்து, தன் உடலில் உள்ள சிறு பையில் சுமந்து வந்த பூஞ்சையை அந்தச் சுரங்கச் சுவர்களில் பயிரிட்டு, அதையே தானும் தின்று குஞ்சுகளுக்கும் உணவாக்குகிறது. பெர்த்தில் பரவியிருப்பது இந்த இரண்டாவது வகை.

இவற்றால் பரவும் மரநோய்களில் மரத்தைக் கொல்வது பெரும்பாலும் வண்டு அல்ல, அது கொண்டுவரும் பூஞ்சைதான். வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் நுண்குழாய்களில் பூஞ்சை பரவுகிறது. அதைத் தடுக்க மரமே அந்தக் குழாய்களை அடைத்துக்கொள்கிறது. விளைவாக இலைகள் வாடுகின்றன, கிளைகள் காய்கின்றன. நோயைத் தடுக்க மரம் எடுக்கும் நடவடிக்கையே அதன் சாவுக்கும் ஒரு காரணமாகிவிடுகிறது.

எல்ம் மரங்கள்: பிழைத்துப்போன ஒரு கணிப்பு

இத்தகைய நோய்களில் மிக அதிகமாக ஆராயப்பட்டது எல்ம் மரங்களைத் தாக்கும் 'டச்சு எல்ம் நோய்'. நெதர்லாந்தில் அந்த நோய் தோன்றியதால் இந்தப் பெயர் வரவில்லை. அதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் டச்சு ஆய்வாளர்கள் என்பதே பெயருக்குக் காரணம். பேராசிரியர் யோஹன்னா வெஸ்டர்டைக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பெயா ஷ்வார்ஸ் 1922இல் நோய்க்குக் காரணமான பூஞ்சையை இனங்கண்டார். சில ஆண்டுகள் கழித்து கிறிஸ்டின் பாய்ஸ்மன் அதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தார்.

பிரிட்டனில் இந்த நோய் 1927இல் கண்டறியப்பட்டது. முதலில் பெரும் அச்சம் எழுந்தது. ஆனால் 1940களில் நோயின் வேகம் தணிந்தது. 1960இல் பிரிட்டனின் வனத்துறை ஆணையத்தைச் சேர்ந்த நோயியல் வல்லுநர் டி.ஆர். பீஸ், அதுவரையிலான முப்பதாண்டு அனுபவத்தைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். நோய் தன் போக்கை முற்றாக மாற்றிக்கொண்டால் ஒழிய, ஒரு காலத்தில் அஞ்சப்பட்ட பேரழிவு நேராது என்பது அதன் முடிவு.

கையில் இருந்த சான்றுகளின்படி அந்த முடிவில் குறை காண முடியாது. ஆனால் அடுத்த பத்தாண்டுக்குள் தென் இங்கிலாந்தில் எல்ம் மரங்கள் கூட்டங்கூட்டமாகக் காயத் தொடங்கின. வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த, பட்டை உரிக்கப்படாத எல்ம் கட்டைகளோடு அதிக வீரியமுள்ள மற்றொரு பூஞ்சை வந்து இறங்கியிருந்ததை கிளைவ் பிரேசியர், ஜான் கிப்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1973இல் எடுத்துக்காட்டினார்கள். அது தனி இனம் என்று 1991இல் பிரேசியர் அதற்குப் புதுப்பெயர் சூட்டினார். அதற்குள் பிரிட்டனில் இரண்டரைக் கோடிக்கும் அதிகமான எல்ம் மரங்கள் அழிந்துபோயிருந்தன.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட 'இங்கிலீஷ் எல்ம்' மரங்கள் அனைத்தும், ரோமானியர்கள் திராட்சைக் கொடிகளைப் படரவிடுவதற்காக வளர்த்த ஒரே மரத்தின் வழித்தோன்றல்கள் என்று 2004இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கூறியது. விதையிலிருந்து முளைக்காமல் வேர்க்கன்றுகளாகவே பெருகிய மரங்கள் அவை. ஒன்றைக் கொல்லக்கூடிய நோய் அத்தனையையும் கொல்லக்கூடியதாக இருந்தது.

வேர்கள் மட்டும் சாகவில்லை. வேலி ஓரங்களில் இன்றும் எல்ம் கன்றுகள் துளிர்க்கின்றன. அடிமரம் ஓரளவு பருத்து, பட்டை தடித்ததும் வண்டுகள் மீண்டும் அவற்றைத் தேடி வருகின்றன. பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த அழிவு திரும்ப நிகழ்கிறது.

ஆபத்து எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இன்று ஒரு நாடு வெளியிலிருந்து வரக்கூடிய பூச்சியின் ஆபத்தை மதிப்பிடும்போது நான்கு கேள்விகளைக் கேட்கிறது. அது உள்ளே வருமா? வந்தால் நிலைக்குமா? நிலைத்தால் எவ்வளவு வேகமாகப் பரவும்? பரவினால் விளையும் இழப்பு என்ன? சர்வதேச தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் வகுக்கப்பட்ட வழிமுறை இது.

பிரிட்டன் இதற்கு எண்களையே பயன்படுத்துகிறது. 2012இல் ஆஷ் மரங்களைக் கொல்லும் நோய் அந்நாட்டில் கண்டறியப்பட்டு அரசு கடும் விமர்சனத்துக்கு உள்ளான பின்னர், 2014இல் தாவர நல இடர்ப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. வருகைக்கும் பரவலுக்குமான வாய்ப்பு, பாதிப்பின் கடுமை, பாதிக்கப்படக்கூடிய தாவரத்தின் மதிப்பு ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளிகள் அளித்து அவற்றைப் பெருக்குகிறார்கள். அதிகபட்சப் புள்ளி 125. ஆயிரத்துக்கும் அதிகமான பூச்சிகளும் நோய்களும் இவ்வாறு வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. எங்கே சோதனை, எங்கே நிதி என்பதைத் தீர்மானிக்க இந்த வரிசை உதவுகிறது.

இதற்கு ஓர் அரசியல் பின்னணியும் உள்ளது. உலக வர்த்தக அமைப்பின் கீழ் 1995இல் நடைமுறைக்கு வந்த சுகாதாரம் மற்றும் தாவர நல ஒப்பந்தத்தின்படி, ஒரு நாடு இன்னொரு நாட்டின் மரத்தையோ செடியையோ அச்சத்தின் பேரில் மட்டும் நிரந்தரமாகத் தடுத்துவிட முடியாது. அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் போதாதபோது தற்காலிகத் தடைக்கு மட்டுமே இடமுண்டு. தாவர நலம் என்ற பெயரில் உள்நாட்டு வணிகர்களைக் காப்பாற்றும் போக்கைத் தடுக்க இந்த விதி தேவைப்பட்டது. ஆனால் இதுவரை யாருக்கும் தொல்லை தராத ஒரு பூச்சிக்கு எதிராக ஆதாரம் திரட்டுவது எளிதல்ல.

கணக்கு தவறும் மூன்று இடங்கள்

முதலாவது, சொந்த ஊரில் உள்ள நற்பெயர். கிழக்கு மற்றும் தெற்கு ஆசியாவைச் சேர்ந்த ஒரு வண்டு, 2002இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள போர்ட் வென்ட்வொர்த் துறைமுகத்துக்கு அருகே பொறியில் சிக்கியது. ஆசியாவில் அது நலமான மரங்களைக் கொல்லும் பூச்சியாக அறியப்பட்டிருக்கவில்லை. ஆனால் அது சுமந்து வந்த பூஞ்சையோடு அதற்கு முன் பழகியிராத அமெரிக்க ரெட்பே மரங்கள் கோடிக்கணக்கில் மடிந்தன. பின்னர் ஃபுளோரிடாவின் அவகாடோ தோட்டங்களையும் நோய் தாக்கியது. இதற்கு நேர்மாறான காட்சி இமயமலையில் உள்ளது. டச்சு எல்ம் நோய்ப் பூஞ்சையின் உறவினமான ஒரு பூஞ்சை அங்குள்ள எல்ம் மரங்களில் வாழ்வது 1995இல் விவரிக்கப்பட்டது. அங்கே மரமும் வண்டும் பூஞ்சையும் நெடுங்காலமாக ஒன்றையொன்று அறிந்தவை. பேரழிவு ஏதும் நிகழவில்லை. ஓர் இடத்தில் சாதுவாக இருப்பது இன்னோர் இடத்திலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, வண்டையும் பூஞ்சையையும் தனித்தனியே பார்ப்பது. ஐரோப்பிய எல்ம் வண்டு அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 1909லேயே காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு அதனால் பெரிய கேடு எதுவும் இல்லை. 1930இல், மரப்பலகைத் தொழிலுக்காக ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான எல்ம் கட்டைகளோடு வந்த பூஞ்சை ஒஹையோ மாநிலத்தில் வெளிப்பட்டபோது, அதைச் சுமந்து செல்ல வண்டு ஏற்கனவே தயாராக இருந்தது. இன்று இதே நிலையில் உள்ள நகரம் மெல்பர்ன். அங்கே எல்ம் வண்டு 1970களிலிருந்து இருக்கிறது. பூஞ்சை மட்டும் இல்லை. உலகில் எஞ்சியுள்ள முதிர்ந்த எல்ம் மரச்சாலைகளில் குறிப்பிடத்தக்கவை அந்த நகரில்தான் நிற்கின்றன. நான்கு கேள்விகளில் முதல் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்ற விடை நீடிக்கும் வரையில் அவை நிற்கும்.

மூன்றாவது, பெயர். பெர்த்தில் பரவியுள்ள வண்டினம் 2003இல் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பிடிபட்டபோது, அது தேயிலைத் தண்டு துளைப்பான் என்று பதிவு செய்யப்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அந்தப் பூச்சியை நன்கு அறிவார்கள். அது துளைத்த கிளைகள் கொழுந்து பறிக்கும்போதே முறியும், விளைச்சல் குறையும். ஆனால் பெருமரங்களைக் கொல்லும் பூச்சி என்ற பெயர் அதற்கு இருந்ததில்லை. 2012இல் ஒரு வீட்டுத் தோட்டத்து அவகாடோ மரம் காய்ந்தபோதுதான் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் வண்டோடு வந்த பூஞ்சையைக் கண்டுகொண்டார்கள். ஒரே பெயரின் கீழ் தோற்றத்தில் பிரித்தறிய முடியாத பல இனங்கள் மறைந்திருப்பதை மரபணுச் சோதனை காட்டியது. 2019இல் பெயர்கள் சீரமைக்கப்பட்டபோது, இலங்கை மாதிரிக்கு ஐக்ஹாஃப் சூட்டிய பழைய பெயர் நகர மரங்களைக் கொல்லும் இனத்துக்கே உரியது என்று தீர்மானிக்கப்பட்டது. தேயிலை வண்டுக்கு வேறு பெயர் சென்றது. அதுவரை, தேயிலை வண்டின் பழைய நற்சான்றிதழே இந்த வண்டுக்கும் பயன்பட்டு வந்தது என்று சொல்லலாம்.

இந்த வண்டின் இனப்பெருக்க முறையும் கணக்கைச் சிக்கலாக்குகிறது. பெண் வண்டுகள் பிறந்த சுரங்கத்துக்குள்ளேயே தம் உடன்பிறந்த ஆண் வண்டுகளோடு இணைந்துவிட்டுத்தான் வெளியே பறக்கின்றன. எனவே ஒரு புதிய கண்டத்தில் கூட்டத்தைத் தொடங்க ஒரேயொரு பெண் வண்டே போதும்.

பெயரைத் தேடாமல் வழியை அடைப்பது

பெயர் தெரியாத எதிரியைப் பட்டியலில் சேர்க்க முடியாது. ஆனால் அது வரும் வழி தெரியும். இந்த எண்ணத்தின் அடிப்படையில் 2002இல் ஏற்கப்பட்டதுதான் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி. சரக்குகளை அனுப்பப் பயன்படும் மரப்பெட்டிகளும் தட்டுகளும், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்களாவது இருக்குமாறு சூடாக்கப்பட வேண்டும், அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் சுத்திகரிக்கப்பட வேண்டும். கோதுமைக் கதிர் வடிவ முத்திரை அதற்கு அடையாளம். பட்டை உரிக்கப்பட்ட மரத்தையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை 2009இல் சேர்க்கப்பட்டது.

இதனால் மரப்பெட்டிகளில் பூச்சிகள் வருவது குறைந்துள்ளது, நின்றுவிடவில்லை. உலகத் துறைமுகங்களில் இறங்கும் பெட்டிகளில் மிகச் சிறிய பங்கே சோதிக்கப்படுகிறது. முத்திரை இருந்தும் உயிருள்ள பூச்சிகள் சிக்கிய நிகழ்வுகள் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் செடிகள் விடயத்தில் இதே எண்ணத்தை மேலும் விரிவுபடுத்தியது. 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 'அதிக ஆபத்துள்ளவை' என்று கருதப்படும் தாவர வகைகளின் நடவுச் செடிகள், இடர் மதிப்பீடு முடியும் வரை வெளிநாடுகளிலிருந்து வரத் தடை விதிக்கப்பட்டது. எல்ம், ஆஷ், ஓக், அவகாடோ ஆகியவற்றோடு, தமிழர்களுக்கு நெருக்கமான மல்லிகை, அரளி, கொன்றை, மந்தாரை, வாகை, சீதா ஆகியவற்றின் பேரினங்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. ஆபத்து உண்டு என்று அரசு நிரூபிக்கும் வரை அனுமதி என்ற பழைய நிலை, இந்த வகைகளைப் பொறுத்தவரை தலைகீழாகியுள்ளது.

நுழைந்த பின் யார் செலவு செய்வது?

கண்காணிப்பின் அருமைக்குத் தென்னாப்பிரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. தமிழர்கள் 1860 முதல் வாழ்ந்துவரும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், பீட்டர்மரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் 2017இல் இந்த வண்டு கண்டறியப்பட்டது. வெளிநாட்டு மரங்களைக் காவல் மரங்களாகப் பாவித்துச் சோதிக்கும் திட்டம் ஒன்றில், பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர் டுரூடி பாப் அதைக் கண்டார். ஆனால் 2012இல் டர்பனில் சேகரிக்கப்பட்ட மாதிரி ஒன்றும் அதே இனம் என்பது பின்னர் தெரியவந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளை வண்டு வீணாக்கவில்லை. ஜோஹனஸ்பர்க் உட்படப் பல நகரங்களில் இன்று அது நிலைத்துவிட்டது.

நோய் வந்த பின்னும் முயற்சிக்குப் பலன் உண்டு என்பதற்கு இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம் சான்று. ஒருபுறம் கடலும் மறுபுறம் மரமற்ற குன்றுகளும் அரணாக இருக்க, நோயுற்ற எல்ம் மரங்களை உடனுக்குடன் வெட்டி அகற்றி அந்நகரம் பல்லாயிரம் மரங்களைக் காப்பாற்றியது. ஆனால் அது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல. சுமார் நானூறு ஆண்டு வயதுடையவை என்று கருதப்பட்ட, 'பிரஸ்டன் இரட்டையர்' என்ற புகழ்பெற்ற இரண்டு எல்ம் மரங்களில் ஒன்று நோயுற்று 2019இல் வெட்டப்பட்டது. நெதர்லாந்தில் தேசிய அளவிலான கட்டுப்பாட்டுத் திட்டம் 1990களின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட பின் நோய் மீண்டும் பெருகியது.

இங்கேதான் இந்தப் பிரச்சினையின் அரசியல் வெளிப்படுகிறது. மலிவான மரத்தட்டில் சரக்கு அனுப்புபவருக்கும் அதைப் பெறுபவருக்கும் இலாபம் கிடைக்கிறது. தெருவோர மரத்தை வெட்டும் செலவு நகராட்சியையும் வீட்டுக்காரரையும் சேர்கிறது. இழப்பின் கணக்கு இரண்டு தரப்பிலும் ஒரே நபரின் ஏட்டில் எழுதப்படுவதில்லை. எனவே சோதனைக்கான நிதியை வெட்டுவது எந்த அரசுக்கும் எளிது. அதன் விளைவு அடுத்தடுத்த அரசுகளின் காலத்தில்தான் தெரியவரும்.

ஆபத்து ஆசியாவிலிருந்து வெளியே மட்டும் செல்வதாகவும் எண்ணிவிடக் கூடாது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த காப்பிக்காய்த் துளைப்பானும் இதே மரப்பட்டை வண்டுப் பிரிவைச் சேர்ந்ததுதான். அது 1990இல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் பரவியது.

தனிமனிதர்கள் செய்யக்கூடியது குறைவு என்றாலும் பயனற்றதல்ல. விறகை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுசெல்லக் கூடாது என்ற விதி கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வலியுறுத்தப்படுவதற்குக் காரணம் இந்த வண்டுகளே. ஊரிலிருந்து வேருடனான செடியையோ வெட்டிய கிளையையோ பயணப்பெட்டியில் மறைத்துக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம் மட்டுமல்ல, சோதனை வாசலைச் சுற்றிச் செல்லும் ஒரு வழியும் ஆகும். வீட்டருகே நிற்கும் மரத்தின் பட்டையில் குண்டூசித் தலையளவு துளைகளோ, அவற்றைச் சுற்றிக் கசிவோ தெரிந்தால் உள்ளூர் அதிகாரிகளுக்கு அறிவிக்கலாம். கலிஃபோர்னியாவில் உண்மை வெளிப்பட்டது ஒரு வீட்டுத் தோட்டத்தில், பெர்த்திலும் அப்படித்தான்.

அடுத்து வரப்போகும் வண்டின் பெயர் இன்றைய பதிவேடுகளில் இல்லாமல் இருக்கலாம் என்பதை வல்லுநர்களே மறுப்பதில்லை. 1960இன் கணிப்பைப் பிழையாக்கியது அதை எழுதியவரின் கவனக்குறைவல்ல, பட்டையோடு வந்து இறங்கிய சில கட்டைகள். பதிவேட்டில் உள்ள புள்ளிகள் எவ்வளவு நுட்பமானவை என்பதைவிட, துறைமுகத்தில் எத்தனை பெட்டிகள் உண்மையில் திறந்து பார்க்கப்படுகின்றன என்பதையே மெல்பர்னின் எல்ம் சாலைகள் நம்பியிருக்கின்றன.